நிழற்படமும் பெயரும்



படம் ஒன்று பல ஆண்டுகள் மனத்தில் நிற்கும். அதை எடுத்தவரின் பெயரோ எப்பொழுதோ நழுவிப் போயிருக்கும். நம்மிற் பலருக்கு இது நேர்வதுண்டு. நூலாசிரியரின் பெயர் மறந்தால் முதல் ஏட்டைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பாட்டை இயற்றியவர் பெயர் மறந்தால் அதன் முதலடியைச் சொல்லிக் கேட்டாற் போதும். அறிந்தவர் யாரேனும் சொல்லிவிடுவார். நிழற்படத்திற்கு முதலடி இல்லை. அதை வாயாற் சொல்லிக் காட்டுவதே அரிது. "ஜப்பான் நாட்டுப் பெண்மணி ஒருவர், இறந்தவர்களுடைய உடுப்புகளைப் படம் எடுத்தவர், பெயர் நினைவில்லை" என்று ஒருவர் சொன்னால், அந்த அரை நினைவைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிக்க இயலுமா? இயலும். ஆனால் அந்தத் தேடலின் வழியே நடப்பவர் யொக்கஹாமாத் துறைமுகத்தைக் கடந்து, நம் களுத்துறைக்கும், ஈற்றில் தம்புள்ளைச் சாலைக்கும் வந்து சேர்வார். அந்த வழியில் இன்று உங்களையும் உடன் அழைத்துச் செல்ல விரும்புகின்றேன்.

முதலில் அந்த ஜப்பானியப் பெண்மணியைப் பார்ப்போம். பெயர் இல்லாத இடத்திற் படமே சாட்சி. படம் சதுர வடிவினதா, நீள்சதுரமா? வண்ணமா, கறுப்பு வெள்ளையா? அதில் ஒளி எத்திசையிலிருந்து வருகின்றது? சதுரப் படத்தில் வெளிறிய ஒளியும், ஒரு துளி நீரும், வீட்டுச் சிறுபொருளும் காணப்படின், 1972இற் பிறந்து 2001இல் ஒருங்கே மூன்று படநூல்களை வெளியிட்டுப் புகழெய்திய கவாவுச்சி ரிங்கோவை நினைக்கலாம். போருக்கு முன்னும் பின்னும் இருந்த ஜப்பானின் தெருக்களும் தலைவர்களும் வேலைநிறுத்தங்களும் படத்தில் உள என்றால், 1940இற் செய்திப் படத்துறையிற் புகுந்து, 2022இல் தம் 107ஆம் வயதில் மறைந்த சசமொத்தோ சுனேக்கோவாக இருக்கலாம். இறந்தோரின் உடுப்பு என்ற சொல் வந்தவுடன் ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடுகின்றது. 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமா நகரில் மாண்டவர்களின் சட்டைகள், பாவாடைகள், காலணிகள் அந்நகரத்து அமைதி நினைவு அருங்காட்சியகத்திற் பேணப்படுகின்றன. அவற்றைப் படமாக்கி 2008இல் நூலாக வெளியிட்டவர் இஷியுச்சி மியாக்கோ. துணியை ஒளிப்பெட்டியின்மேல் விரித்துக் கீழிருந்து ஒளி பாய்ச்சி எடுத்தமையால், அதன் நூலிழைகளும் கிழிசல்களும் தைத்த ஊசித் தடமும் தெரிகின்றன. உடுத்தியிருந்த உடல் மட்டும் இல்லை. ஒருமுறை பார்த்தவர் அதனை மறத்தல் எளிதன்று.

இந்த அம்மையாரின் பெயரிலேயே ஒரு செய்தி உண்டு. இஷியுச்சி மியாக்கோ என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரன்று. அது அவருடைய தாயார் திருமணத்திற்கு முன் தாங்கியிருந்த பெயர். மணமானதும் தாய் விட்டுவிட்ட பெயரை மகள் எடுத்துக்கொண்டு, தாம் எடுத்த படங்களின் கீழ் எழுதினார். அந்தத் தாய் இறந்தபின் அவருடைய உடைகளையும் உதட்டுச் சாயத்தையும் சீப்பையும் படமெடுத்து, 2005இல் வெனிஸ் நகரக் கலைவிழாவிற் காட்சிக்கு வைத்தார். பெயர் மறந்துபோன நிழற்படக்காரியைத் தேடிச் சென்றோம். பெயர் மறைந்துபோகாதபடி தாயின் பெயரைத் தாமே அணிந்துகொண்ட ஒருவரிடம் வந்து நின்றோம்.

அவர் பிறந்த குன்மா மாநிலத்திலேயே அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்திப் பிறந்தவர் மற்றொரு நிழற்படக்காரி. அவர் ஷிமா ரியூ. 1823இற் பிறந்தவர். அக்காலத்தில் எடோ எனப்பட்ட தோக்கியோவில் ஓவியம் பயின்றபோது உடன் பயின்ற ஷிமா ககொக்குவை 1855இல் மணந்தார். இருவரும் நிழற்படக் கலையைக் கற்றனர். 1864ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் ரியூ தம் கணவரைப் படம் எடுத்தார். ஜப்பானியப் பெண் ஒருவர் எடுத்ததாக இன்று அறியப்படும் படங்களுள் அதுவே முதலாவது. 1870இற் கணவர் இறந்தபின் ரியூ தம் ஊராகிய கிரியூவுக்குத் திரும்பித் தனியே ஒரு படசாலை நடத்தினார். உலகம் அவரை நெடுங்காலம் அறிந்திலது. அந்த ஒரு படத்தைக் குடும்பத்தார் போற்றிக் காத்தமையால், அதை எடுத்த கை இன்னாருடையது என்று வரலாற்றிற்குத் தெரிய வந்தது. 1864 என்ற ஆண்டை நேயர்கள் சற்றே நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகின்றேன். அதற்குப் பின்னர் வருவேன்.

குடும்பத்தார் காத்த படத்திற்கு இந்த நற்பேறு வாய்த்தது. கடைக்குச் சென்ற படத்தின் கதை வேறு. அக்காலத்து யொக்கஹாமாவில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்கப்பட்ட படத்தொகுதிகளை ஆராய்வோர் விசித்திரமான ஒன்றைக் கண்டனர். ஒரே படம், ஒரே மனிதர், ஒரே மரம். ஆனால் வெவ்வேறு தொகுதிகளில் வெவ்வேறு பெயர்கள். இதன் காரணம் எளிது. 1858இல் இலக்னோ நகரத்தின் சிதைவுகளைப் படமெடுத்து இந்தியாவில் அறிமுகமான பெலிஸ் பியாட்டோ பின்னர் ஜப்பானுக்குச் சென்று படசாலை நடத்தினார். 1877இல் தம் கண்ணாடித் தகடுகளை ஸ்டில்பிரீட் என்ற ஆஸ்திரியப் பிரபுவின் நிறுவனத்திற்கு விற்றார். அந்நிறுவனத்தின் கையிருப்பு 1885இற் பர்சாரி என்பவரிடம் சென்றது. பழைய தகடுகள் சில, அவர்களிடம் வண்ணந்தீட்டுவோராகப் பணிபுரிந்து 1881இற் சொந்தப் படசாலை திறந்த குசகபே கிம்பெய்யிடமும் சேர்ந்தன. தகட்டை வாங்கியவர் படத்தையும் வாங்கியவரானார். தம் பெயரில் அச்சிட்டு விற்றார். அதை எவரும் களவு என்று சொல்லவில்லை. அது வணிக வழக்கு. ஆகவே பழைய படத்தின் கீழ் உள்ள பெயரைக் கண்டவுடன் 'இவரே எடுத்தார்' என்று முடிவு செய்தல் பிழை. அது பெரும்பாலும் கடையின் பெயர்.

கடை மட்டுமன்றிக் குடும்பமும் பெயரை மறைத்ததுண்டு. இந்தியாவின் முதற் பெண் செய்திப்படக்காரர் எனப் போற்றப்படும் ஹோமாய் வியாரவாலா 1913இல் நவசாரியிற் பிறந்தவர். பெண்ணொருத்தி எடுத்த படத்தைப் பத்திரிகை மதிக்குமோ என்ற நிலை இருந்தமையால், அவருடைய தொடக்ககாலப் படங்கள் கணவர் மானெக்ஷா பெயரிலேயே வெளியாயின. பின்பு தாமே ஒரு புனைபெயரை வைத்துக்கொண்டார்: 'டால்டா 13'. அது அவருடைய மோட்டார் வண்டியின் எண்ணிலிருந்து பிறந்த பெயர். நேருவையும் மவுண்ட்பேட்டனையும் 1947இன் கொடியேற்றத்தையும் அவருடைய படங்களின் வழியே கண்ட கோடிக்கணக்கான மக்கள் அவர் பெயரைக் கேட்டறியாதிருந்தனர். 1970இற் கமராவைக் கீழே வைத்த அவருடைய வரலாறு, சபீனா கடிஹோக் எழுதிய நூலாக 2006இலேயே வந்தது. இந்திய அரசு 2011இற் பத்ம விபூஷண் விருது அளித்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் அவர் மறைந்தார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கண்டியிலும் கொழும்பிலும் 19ஆம் நூற்றாண்டில் இயங்கிய படசாலைகளின் பெயர்களை முதியோர் சிலர் அறிந்திருப்பர். ஸ்லின் நிறுவனத்தை 1868இல் அரசாங்க அச்சகத் தலைவராயிருந்த வில்லியம் ஸ்கீன் வாங்கினார். அது அவர் மகன் பெயரால் ஸ்கீன் நிறுவனம் ஆயிற்று. சாள்ஸ் ஸ்கோவன் 1870களிற் கண்டியிற் படசாலை வைத்தார். 1890இற் பிளாட்டே தம்பதியர் கொழும்பில் தம் நிறுவனத்தைத் தொடங்கினர். இங்கும் யொக்கஹாமாக் கதையே நிகழ்ந்தது. ஸ்கோவனுடைய தகடுகள் 1890களிற் கொழும்பு அப்போதிக்கரீஸ் நிறுவனத்தின் கைக்குச் சென்றன. மருந்துக் கடையின் பெயரால் வந்த படம் உண்மையில் வேறொருவர் கண்டியிற் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்ததாக இருக்கக்கூடும்.

இவ்வாறு கலந்துபோனவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம்? கண்ணாடித் தகட்டில் ஒளியும் நிழலும் தலைகீழாகப் பதியும். தகட்டின் மூலையிற் கருமையால் எழுதிய எண் அச்சில் வெண்மையாக வரும். அந்த எண்ணின் கையெழுத்து, எண்வரிசை, தலைப்பில் ஊர்ப்பெயரை எழுதும் முறை ஆகியவற்றை ஒப்பிட்டு நோக்கினால் ஒரு படசாலையின் படங்கள் ஒரு குடும்பமாகக் கூடிவிடும். அன்றியும் அக்காலத்திற் படத்தைப் பெருப்பித்து அச்சிடுதல் வழக்கமன்று. முட்டை வெண்கரு பூசிய தாளைத் தகட்டின்மேல் நேரே அழுத்தி வெயிலில் வைப்பர். எனவே தாளின் அளவு தகட்டின் அளவு. தகட்டின் அளவு கமராவின் அளவு. அளவைக் கொண்டே சிலரை விலக்கிவிடலாம். மரம் வளர்ந்திருக்கிறதா, தூண் சாய்ந்திருக்கிறதா என்பன ஆண்டைச் சொல்லும். 1870, 1871ஆம் ஆண்டுகளில் அரசாங்கத் தொல்பொருட் குழுவிற்காக அநுராதபுரத்தையும் பொலனறுவையையும் சீகிரியாவையும் படமெடுத்த ஜோசப் லோட்டன் இங்கு விட்டுச்சென்ற படங்கள் இவ்வகையில் அளவுகோலாக உதவுகின்றன. அவர் படங்களில் தூபிகளின்மேல் மரங்கள் நிற்கும். பிற்காலத்தார் படங்களில் அம்மரங்கள் வெட்டப்பட்டிருக்கும். உடல்நலம் குன்றி நாடு திரும்பிய லோட்டன் 1872இல் இறந்தார்.

சீகிரியாவைச் சொன்னபின் அங்குள்ள ஒன்றைச் சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. எங்கள் கலேவெலப் பகுதியிலிருந்து அது தொலைவன்று. அக்குன்றின் மேலே அரச மகளிரோ தேவ மகளிரோ என அறிஞர் இன்றும் வாதிடும் ஓவியப் பெண்கள் உள்ளனர். 5ஆம் நூற்றாண்டில் அவர்களை வரைந்த கைகளில் ஒன்றின் பெயரும் எஞ்சவில்லை. ஆனால் அவ்வோவியங்களைப் பார்த்துச் சென்றவர்கள் கீழேயுள்ள கண்ணாடிச் சுவரிற் பாட்டெழுதித் தம் பெயரையும் ஊரையும் கீறி வைத்தனர். அவற்றுள் 685 பாடல்களைப் பேராசிரியர் பரணவிதான படித்து 1956இல் வெளியிட்டார். வரைந்தவர் பெயரும் வரையப்பட்டவர் பெயரும் போயின. பார்த்தவர் பெயர் நின்றது!

இப்போது 1864ஆம் ஆண்டுக்குத் திரும்புவோம். ஷிமா ரியூ கணவரைப் படமெடுப்பதற்குச் சில வாரங்களோ மாதங்களோ முன்னர், அதே ஆண்டு ஜனவரி மாத இறுதியில், இங்கிலாந்தின் வைட் தீவில் மற்றொரு பெண்மணி அன்னி என்ற சிறுமியைப் படமெடுத்துத் தம் முதல் வெற்றி என்று மகிழ்ந்தார். அவர் ஜூலியா மார்கரெட் கமரன். 1815இற் கல்கத்தாவிற் பிறந்தவர். மகளும் மருமகனும் கமரா ஒன்றைப் பரிசாக அளித்தபோது அவருக்கு வயது 48. ஷிமா ரியூவும் அப்போது நாற்பதைக் கடந்தவர். ஒருவரை ஒருவர் அறியாத இரு பெண்கள், உலகின் இரு கோடியிலுள்ள தீவுகளில், நடுவயதில், ஈரத் தகட்டைக் கையிற் பிடித்து ஒரே ஆண்டில் நின்றனர். வரலாற்றாசிரியன் இத்தகைய ஒற்றுமையினின்று எந்த விதியையும் வகுக்கலாகாது; ஆயினும் அதை எண்ணி வியப்பதற்குத் தடையில்லை.

கமரன் அம்மையார் நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறையாக்கினார், கோழிக்கூட்டைப் படசாலையாக்கினார். அவருடைய படங்களைக் கையெழுத்தின்றியும் அடையாளம் காணலாம். முகம் சட்டத்தை நிரப்பும். ஒளி ஒரு பக்கத்தினின்று விழும். உருவின் விளிம்பு கூர்மையாக இராது. மூச்சுப் பட்ட கண்ணாடியிற் போல் மெல்லக் கரையும். தகட்டிற் கீறலும் இரசாயனக் கறையும் விரல் தடமும் இருக்கும். அவற்றை அவர் மறைக்க முற்படவில்லை. அக்காலத்து நிழற்படச் சங்கத்தார் இவற்றைக் குறையென்று இகழ்ந்தனர். அவர்கள் இகழ்ந்த குறைகளே இன்று அவருடைய கைக்கு முத்திரையாகிவிட்டன. இத்தனைக்கும் இங்கிலாந்தில் இருந்தவரை அவர் பெயர் விடயத்தில் மிகக் கவனமானவர். 1864 தொடக்கம் 1875 வரை 500க்கும் மேற்பட்ட படங்களைப் பதிப்புரிமைக்குப் பதிவு செய்தார். படத்தின் கீழ்த் தம் பெயரையும் எதிரில் இருந்தவர் பெயரையும் தம் கையாலேயே எழுதினார். கவிஞர் டெனிசன், அறிஞர் டார்வின், வானியலார் ஹேர்ஷல் ஆகியோர் பெயர் நின்றதில் வியப்பில்லை. கன்னிமரியாள் வேடத்தில் நின்ற பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயரும் நிற்கின்றது என்பதே நாம் குறித்துக்கொள்ள வேண்டியது.

1875இல் அவர் இலங்கைக்கு வந்தார். அவருடைய கணவர் சாள்ஸ் ஹே கமரன் நம் மாணவர் பாடநூலில் அறிந்தவரே. கோல்புறூக் – கமரன் சீர்திருத்தத்தின் இரண்டாவது பெயர் அவருடையது. முதுமையில், தமக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்த இந்நாட்டிலேயே வாழ விரும்பி வந்தார். குடும்பம் களுத்துறையிற் கடலோரத்தில் வசித்தது. இங்கு அம்மையார் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியுள்ளவை முப்பதுக்கும் குறைவு. இங்கிலாந்திலும் இங்குமாக அறியப்பட்ட அவருடைய படங்கள் ஏறத்தாழ 1,200 என்பதை நோக்க, இது மிகச் சிறு பங்கு. கடல் கடந்து வரவேண்டிய மருந்துகளும், வெப்பத்தில் விரைந்து உலரும் தகடும் இத்தொழிலை இங்கு எளிதாக்கியிரா. 1877ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவரிடம் விருந்தினராக வந்த ஓவியர் மரியன் நோர்த் தம் நினைவு நூலில் அவ்வீட்டைச் சுவைபட வருணித்துள்ளார். உச்சி வெயிலிற் கம்பளிச் சால்வையைப் போர்த்தித் தலைமயிரை விரித்துத் தென்னோலைகளுக்கு நடுவே அவரை நிறுத்திப் பன்னிரண்டு தகடுகளை அம்மையார் வீணாக்கினாராம். ஓலை முனைகள் தலையிற் குத்திக்கொண்டிருக்க, இயல்பாக இருக்கும்படி கட்டளை வேறு!

அதே நூலில் மற்றொரு செய்தியும் உண்டு. அம்மையார் ஓர் ஆடவரின் முதுகழகைக் கண்டு வியந்து, அவரை வீட்டிலே தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினார். அவ்வீட்டிற்குத் தோட்டம் இல்லை. அந்த மனிதருக்கும் தோட்டக்காரர் என்றால் என்னவென்று தெரியாது. நோர்த் இதை நகைச்சுவையாகவே எழுதினார், படிப்போரும் நகைக்கின்றனர். நகைப்பு அடங்கியபின் ஒரு வினா எழுகின்றது. அந்த மனிதரின் பெயர் என்ன? நூலில் இல்லை. 1878இல் எடுத்த களுத்துறைக் குடியானவர் படமொன்றின் கீழ் அம்மையார் குறிப்பெழுதியிருக்கிறார்: சிறுமிக்கு வயது 12; முதியவர் தாம் அவளுடைய தந்தை என்றும் தமக்கு வயது 100 என்றும் சொல்கிறார். வயதைக் கேட்டவர், உறவைக் கேட்டவர், பெயரைக் கேட்டு எழுதவில்லை. மரியன் நோர்த் தாழ்வாரத்தில் அமர்ந்து ஓவியம் தீட்டும் படத்தில் உள்ளூர் இளைஞன் ஒருவன் குடத்துடன் நிற்கின்றான். நோர்த்தின் பெயரைப் படத்தலைப்பு சொல்லும். இளைஞனின் பெயரைச் சொல்லாது.

வைட் தீவுப் பணிப்பெண்ணின் பெயரை வழுவின்றிக் காத்த அதே கை, களுத்துறையில் ஏன் எழுதாதிருந்தது? மொழி தெரியாமை ஒரு காரணமாகலாம். எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. வயதை விசாரிக்க மொழி தடையாயிருக்கவில்லை. அப்படங்களை வாங்கிப் பார்ப்போர் பெயர் கேட்கமாட்டார்கள் என்று அவர் எண்ணியிருத்தல் வேண்டும்; அக்காலத்து ஆளும் இனத்தார் அனைவர்க்கும் இருந்த எண்ணம் அது. ஆயினும் நீதியாக ஒன்றைக் கூறவேண்டும். கடைப் படசாலைகள் 'தமிழ்ப் பெண்', 'கொழுந்து பறிப்போர்' என்று தலைப்பிட்டு மனிதரைப் பொருட்பட்டியல் ஆக்கிய காலத்தில், கமரனுடைய படங்களில் உள்ளோர் பெயரிழந்தும் முகமிழக்கவில்லை. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் என அருங்காட்சியகக் குறிப்புகள் கூறும் பெண்கள் அவற்றில் நேரே நம்மை நோக்குகின்றனர். டெனிசனுக்கு விழுந்த ஒளியே அவர்கள்மேலும் விழுகின்றது.

அம்மையார் 1879 ஜனவரி 26ஆம் நாள் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இறந்தார். மறு ஆண்டு கணவரும் இறந்தார். பொகவந்தலாவை தூய மரியாள் தேவாலயத்தில் இருவர் கல்லறையும் உள்ளது. பெயரும் ஆண்டும் கல்லில் உண்டு.

கோப்பிக் காலத்தில் மலைநாட்டிற்கு வந்த நம் மக்களுக்கு அத்தகைய கல் வாய்க்கவில்லை. மன்னார்க் கரையில் இறங்கியோர் மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தை வழியாகக் காட்டினூடே நடந்து மாத்தளையை அடைந்தனர். கலேவெலையிலிருந்து குருணாகற் சாலையில் வடகிழக்காகச் சென்றால் தம்புள்ளையில் அந்த வடக்குச் சாலையைச் சந்திக்கலாம். இன்று மரக்கறிச் சந்தைக்குப் பார ஊர்திகள் விரையும் அதே வழியிற் கொள்ளைநோயால் விழுந்து மாண்டவர் எண்ணற்றோர். விழுந்தவர் பெயரை எழுதிவைத்தவர் இல்லை. நடந்து முடித்தவர் பெயரும் கங்காணியின் கணக்கேட்டில் எழுதுவோன் காதில் விழுந்தவாறே எழுதப்பட்டது.

பெயர் எழுதப்படாமையின் விலை பின்னர்த் தெரிந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தை இந்நாட்டிற் பிறந்தவர் என்றோ, தந்தை வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தனர் என்றோ நிறுவும்படி கேட்டது. மூன்று தலைமுறையாக இம்மண்ணில் உழைத்தவர் கையிற் காட்டுவதற்குத் தாள் இல்லை. மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றோர் ஆயினர். 1964இற் கொழும்பும் புதுதில்லியும் செய்த உடன்பாட்டில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மனிதர் எண்களாற் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேருக்கு 1974 வரை முடிவு இல்லை. இங்கே எஞ்சியிருந்தோரின் குறை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த ஆண்டுகளில் அவர்களுடைய பாட்டிமார் தலைமுறையின் முகங்கள் இலண்டனிலும் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து கெற்றி அருங்காட்சியகத்திலும் ஈரம் படாமல், வெயில் படாமல், உயர்ந்த கலைப்பொருளாகப் பேணப்பட்டு வந்தன. முகம் உண்டு; பெயர் இல்லாமையால் அது எவருக்கும் சான்றாகவில்லை.

படமெடுத்தவரைத் தேடப் பயன்படும் முறையைப் படத்திலிருப்பவரைத் தேடவும் ஒருவாறு பயன்படுத்தலாம். காதில் தொங்குவது பாம்படமா, தண்டட்டியா? மூக்குத்தி எப்பக்கம்? சேலைக் கொசுவம் முன்னா, பின்னா? கையிற் பச்சை குத்தியிருக்கிறதா, குத்தியிருந்தால் எந்தக் கோலம்? இவை திருநெல்வேலிச் சீமையையும் இராமநாதபுரத்தையும் திருச்சிராப்பள்ளியையும் சேலத்தையும் வேறுபிரித்துக் காட்டக்கூடியவை. கலை வரலாற்றாசிரியர் இவற்றை அறியார். நம் வீடுகளில் உள்ள முதிய பெண்களிற் பலர் பார்த்த மாத்திரத்தில் அறிவர். அருங்காட்சியகங்கள் தம் படங்களை உலகமெல்லாம் காணத் திறந்துவைத்திருக்கும் இக்காலத்தில், அந்த மூதாட்டியரிடம் எவரேனும் அப்படங்களைக் காட்டிக் கேட்டதாக நான் அறியேன். பள்ளிப் பிள்ளைகள் செய்யத்தக்க வேலை இது, செலவு ஏதுமில்லை.

இவ்வுரையைக் கேட்கும் நேயர் எவர் வீட்டிலேனும் தடித்த அட்டையில் ஒட்டிய பழைய படம் இருக்குமாயின், அதைச் சட்டத்தினின்று பிரித்துப் பின்புறத்தைப் பாருங்கள். படசாலையின் முத்திரை, முகவரி, தகட்டு எண் ஆகியவற்றைப் பார்த்தவாறே வேறொரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் வீட்டிலுள்ள மிக மூத்தவரிடம் படத்தைக் கொடுத்து, இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொருவராக யார் யார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயரைப் பட்டப்பெயரோடு, ஊரோடு, உறவுமுறையோடு எழுதுங்கள். மை பழுத்து முன்பக்கம் ஊறிவிடும். மெல்லிய பென்சிலால், அட்டையின் பின்புறத்து ஓரத்தில், அழுத்தாமல் எழுதுதல் நன்று.